புதுப்பிப்பு: முடக்குவாதக் கைக்கு எந்தக் குழாய்?

ஏற்காட்டுக் குளிரில் காலையில் விரல் மடங்காமல், திருகுக் குழாய் திறக்க முடியவில்லை, கரண்டியும் நழுவுகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது, கால்வாசிச் சுற்றில் திறக்கும் நீளக் கைப்பிடிக் குழாய். ஆஸ்பத்திரியில் முழங்கையால் தள்ளுவார்களே, அதே வகை, அரை இன்ச். மரையில் டெஃப்லான் டேப்பை (ஒழுகாமல் அடைக்கும் வெள்ளை நாடா), மரை முனை நம்மைப் பார்த்திருக்க, கடிகாரச் சுற்றில் சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் முடுக்கும்போது பிரிந்து ஒழுகும். எதிர்பாராதது: தொட்டி மணல், குழாய்க்குள் இருக்கும் பீங்கான் தட்டைக் கீறிக் கைப்பிடியை இறுக்கிவிடுகிறது. குழாய்க்கு முன்னால் வலை வடிகட்டி போட்டபின் தொந்தரவில்லை.

கரண்டிக்கு, ஏசி செம்புக் குழாய்மேல் மாட்டும் கறுப்பு ரப்பர் உறை. சேலத்தில் ஏசி உதிரிபாகக் கடைகளில் கிடைக்கிறது. சோப்புத் தண்ணீர் தடவினால் வழுக்கி ஏறும். பிடி தடித்தால் விரலை அவ்வளவு இறுக்க வேண்டாம், அதுதான் சூட்சுமம். சாதாரண ஸ்பாஞ்ச் உறை வேண்டவே வேண்டாம்; தண்ணீர் குடித்து நாறும். அடுப்பு விளிம்பில் சாய்த்து வைத்தால் ரப்பர் உறையும் கருகிவிடும்.

பதிலில் வந்த, வெந்நீரில் கை முக்கும் யோசனை விறைப்புக்குச் சரி. மூட்டு வீங்கிச் சூடாக இருக்கும் நாளில் துணியில் சுற்றிய ஐஸ்தான் இதம்.