லோன் ரேஞ்சர் தொடரில் நடுவில் ஆள் மாறிவிட்டாரா, இல்லை எனக்குக் கண் கோளாறா?

நைட்ஷிப்ட்_நாகு:
அப்பாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆகி ஒரு மாதமாகப் படுக்கை. பொழுது போகட்டும் என்று யூடியூபில் பழைய ‘லோன் ரேஞ்சர்’ தொடரைப் போட்டுவிட்டேன். கறுப்பு வெள்ளை, அரை மணி நேரம், முகமூடி போட்ட கதாநாயகன், வெள்ளைக் குதிரை. இங்கிலீஷ் அவ்வளவாகப் புரியாவிட்டாலும் குதிரை ஓடினால் போதும் அவருக்கு.

நேற்று திடீரென்று, “டேய், இவன் அவன் இல்ல” என்றார். பாதி முகம் மூடியிருக்கிறதே, எப்படித் தெரியும் என்று கேட்டேன். அப்பா நாற்பது வருடம் டெய்லர். “முகத்த யார் பார்த்தா? தோள் அளவு வேற. முன்னாடி இருந்தவனுக்கு சட்டை தோல் மாதிரி ஒட்டி இருக்கும்” என்கிறார். குரலும் கொஞ்சம் வித்தியாசமாகத்தான் எனக்கும் பட்டது. கூடவே வரும் செவ்விந்தியர் டோன்டோ மட்டும் அதே ஆள். யாருக்காவது விவரம் தெரியுமா?

டூரிங்டாக்கீஸ்:
உங்கள் அப்பாவுக்கு ஒரு கும்பிடு. ஆள் மாறியது உண்மை.

தொடர் 1949 செப்டம்பரில் ஏபிசி தொலைக்காட்சியில் தொடங்கியது. முகமூடிக்குள் இருந்தவர் கிளேட்டன் மூர். சிகாகோக்காரர், இளம் வயதில் சர்க்கஸில் பார் விளையாடியவர். குதிரை மேல் அவர் ஏறி உட்காரும் லாவகத்தைப் பாருங்கள், அந்தப் பழக்கம் தெரியும். அதற்கு முன்னால் ரிபப்ளிக் கம்பெனியின் வாராந்திரத் தொடர்படங்களில் சண்டை போட்டே காலம் தள்ளியவர்.

இரண்டு சீசன், 78 எபிசோடு முடிந்ததும் அவரைக் கழற்றிவிட்டார்கள். சம்பளத் தகராறு என்று பரவலாகச் சொல்வார்கள். லோன் ரேஞ்சர் அதற்கு முன்பே 1933 முதல் டெட்ராய்ட் வானொலியில் ஓடிய நாடகம். உரிமை அந்த வானொலி நிலையத்தின் முதலாளி ஜார்ஜ் டிரெண்டில் கையில். ஜனங்கள் பார்ப்பது முகமூடியைத்தான், உள்ளே யார் இருந்தால் என்ன என்கிற கணக்கு போல. ஜான் ஹார்ட் என்பவரைப் போட்டு, 1952-53 சீசனில் 52 எபிசோடு எடுத்தார்கள். நீங்கள் இப்போது பார்ப்பது அந்த ஹார்ட்.

அந்த இடைவெளியில் மூர் என்ன செய்தார் தெரியுமா? 1952இல் வந்த ‘ரேடார் மென் ஃப்ரம் த மூன்’ என்ற தொடர்படத்தில் நிலாக்காரர்களுக்குக் கூலி வேலை பார்க்கும் அடியாள். முகமூடி இல்லாமல், முழு முகத்தோடு! யூடியூபில் கிடைக்கிறது, அப்பாவுக்குப் போட்டுக் காட்டுங்கள்.

கணக்கு பலிக்கவில்லை. ரசிகர்களுக்கு ஹார்ட் ஒட்டவே இல்லை. 1954இல் மூரையே திரும்பக் கூட்டிவந்தார்கள். கடைசி சீசன் கலரில். 1957இல் நின்றபோது மொத்தம் 221 எபிசோடு, அதில் மூர் நடித்தது 169.

ஏ9_லொறி:
டோன்டோவைப் பற்றி ஒருத்தரும் கதைக்கவில்லை, அதுதான் வந்தேன். நான் கனடாவில் லொறி ஓட்டுகிறேன். ரொறன்ரோவில் இருந்து 403 நெடுஞ்சாலையில் மேற்கே போனால் பிரான்ட்போர்ட் வரும். அதற்குப் பக்கத்தில்தான் சிக்ஸ் நேஷன்ஸ் என்ற பழங்குடியினர் ஊர். டோன்டோவாக நடித்த ஜே சில்வர்ஹீல்ஸ் 1912இல் பிறந்த இடம். மொஹாக் இனத்தவர். சொந்தப் பெயர் ஹரல்ட் ஸ்மித். லக்ரோஸ் விளையாட்டில் ஓட்டம் அப்படி, ‘வெள்ளிக் குதிகால்’ என்ற பட்டப்பெயரே கடைசியில் சினிமாப் பெயர் ஆகிவிட்டது. குத்துச்சண்டையும் தெரிந்தவர்.

அந்தக் காலத்தில் வெள்ளைக்காரன் முகத்தில் மை பூசிக்கொண்டு செவ்விந்தியனாக நடிப்பான். இவர் அசல் ஆள். ஆனால் கொடுத்த வசனமோ அரைகுறை ஆங்கிலம்: ‘நான் போகிறது, அவன் வருகிறது’ என்ற கணக்கில். டோன்டோ என்றால் ஸ்பானிஷில் முட்டாள் என்று வேறு அர்த்தம். எட்டு வருசம் அதைச் சுமந்தார். பிறகு அறுபதுகளில் லொஸ் ஏஞ்சலிஸில் பழங்குடி இளைஞர்களுக்கு ஒரு நடிப்புப் பட்டறை தொடங்கினார். என்னைக் கேட்டால் அந்த 221ஐ விட அது பெரிய வேலை. 1979இல் ஹொலிவுட் நடைபாதையில் நட்சத்திரம் பதித்தார்கள், அடுத்த மார்ச்சில் ஆள் இல்லை.

டூரிங்டாக்கீஸ்:
லொறிக்காரர் சொன்னதில் மாற்றுக்கருத்து இல்லை. அதே 1979இல்தான் மூருக்கும் அடி விழுந்தது.

தொடர் நின்ற பிறகு மூர் வேறு வேடம் தேடவே இல்லை. கடைதிறப்பு, ஊர்வலம், கண்காட்சி என்று முகமூடியோடு போய் நிற்பார், குழந்தைகளுக்குக் கை கொடுப்பார். இருபது வருடம் இதுதான் பிழைப்பு. இதற்கிடையில் உரிமை கைமாறியிருந்தது: 1954இலேயே ஜாக் ராதர் என்பவர் 30 லட்சம் டாலருக்கு வாங்கிவிட்டார். அவர் கம்பெனி புதுப் படம் எடுக்கத் திட்டமிட்டது, இளைஞர் ஒருவரை வைத்து. அறுபத்தைந்தை நெருங்கும் தாத்தா முகமூடியோடு ஊர் சுற்றினால் வியாபாரம் கெடும் என்று கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கிவிட்டது. பொது இடத்தில் முகமூடி போடக் கூடாது.

மனிதர் அசரவில்லை. கண்ணைச் சுற்றி வளைந்து வரும் பெரிய கறுப்புக் கண்ணாடி ஒன்று வாங்கினார். தூரத்திலிருந்து பார்த்தால் முகமூடியேதான். அதே தொப்பி, அதே உடுப்பு, அதே கூட்டம். வழக்கை எதிர்த்து நடத்திக்கொண்டே ஊர் ஊராகப் போனார்.

சட்டம்_பேசுவோம்:
அனுதாபம் சரி, ஆனால் கம்பெனி பக்கமும் நியாயம் இருக்கிறதே? பாத்திரத்தை உருவாக்கியது அவர் இல்லை. பணம் போட்டு உரிமை வாங்கியவன் தன் சொத்தைக் காப்பாற்றத்தான் செய்வான்.

டூரிங்டாக்கீஸ்:
சட்டப்படி சரிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சொத்துக்கு வட்டி கட்டிக்கொண்டிருந்தது யார்? தொடர் நின்று இருபது வருடம் கழித்தும் குழந்தைகளுக்கு அந்தப் பெயர் தெரியக் காரணம் இந்த மனிதர் ஊர் ஊராக அலைந்தது. ஓசி விளம்பரம்! அதற்குத் தடை வாங்குவார்களா? 1981இல் படம் வந்தது, வந்த வேகத்தில் பெட்டிக்குள் போனது. புதுக் கதாநாயகனுக்கு டப்பிங் குரல்கூட வேறு ஒருவர். கோபித்துக்கொண்ட பழைய ரசிகர்களை யாரும் கணக்கில் வைக்கவில்லை.

1984இல் முகமூடியைத் திருப்பிக் கொடுத்தார்கள். 1987இல் ஹாலிவுட் நட்சத்திரம். அதில் அவர் பெயரோடு ‘லோன் ரேஞ்சர்’ என்றும் பொறித்திருக்கிறது. 1999 டிசம்பரில் இறந்தார்.

நாகு, இன்னொன்று. மூர் நடித்த சில எபிசோடுகளில் கதாநாயகன் துப்பறிய மாறுவேடம் போடுவார். தாடி வைத்த கிழட்டுத் தங்கச் சுரங்கக்காரன், கரகரக் குரல். அதுவும் மூரேதான். அப்பாவிடம் முன்கூட்டிச் சொல்லாமல் போடுங்கள்.

நைட்ஷிப்ட்_நாகு:
எல்லோருக்கும் நன்றி. இன்று காலை ஷிப்ட் முடிந்து வந்ததும் தாடிக்காரர் எபிசோடைத் தேடிப் போட்டேன், ஒன்றும் சொல்லவில்லை. கிழவர் கூனிக் குறுகிக் கழுதையை ஓட்டிக்கொண்டு வந்தார். அப்பா காபி டம்ளரைக் கீழே வைத்தார். “பழையவன் வந்துட்டான் பாரு. சட்டைதான் கடன் வாங்கினது.”