‘ஊழல் தரவுத்தளம்’ எண்டு ஒட்டிட்டாங்க, வெள்ளிக்கு முதல் ஒரு சொல் தாங்க

கல்முனையிலிருந்து, திங்கள் இரவு

கலைச்சொல் குழுவில உள்ள எல்லாருக்கும் வணக்கம், ஸலாம்.

எங்கட ஒபீஸ்ல பத்துப் பன்ரெண்டு பேர் சேர்ந்து பாவிக்கிற மைக்ரோசொப்ட் அக்செஸ் டேட்டாபேஸ் ஒண்டு இருக்கு, பெரும்போகம் செய்யிற ஆக்கள்ற காணி, ஏக்கர், வட்டை (வயல்வெளி), வாய்க்கால் எல்லாம் அதுக்குள்ளதான். போன புதன் ஒரு பிள்ளை லெப்டொப்ப வைபையில வச்சுப் பதிஞ்சுகொண்டிருக்கேக்க கரண்ட் போச்சு, மறுகா திறந்தா ‘அன்ரெகக்னைஸ்ட் டேட்டாபேஸ் போர்மட்’ எண்டு சொல்லிட்டு அப்படியே நிக்குது.

அதத் திருத்துறது ஒரு பக்கம் நடக்குது. என்ட தலையிடி அதுக்கான சொல்லுதான். மூண்டு மொழியிலயும் அறிவித்தல் ஒட்டச் சொன்னதும், ஆரோ இங்கிலீஷ மெஷினுக்குக் குடுத்து வந்தத வாசிக்காமலே ஒட்டிட்டாங்க. “எமது அலுவலகத் தரவுத்தளத்தில் ஊழல் ஏற்பட்டுள்ளது, மீட்கும் வரை பொறுமை காக்கவும்.” காலையில ஒரு போடியார் (பெரிய வயற்காரர்) வந்து ரெண்டு தரம் வாசிச்சுட்டு, “இத்தின வருசமா நாங்க சொன்னம், இப்பதான் நீங்களே ஒத்துக்கொண்டு எழுதியிருக்கீங்க” எண்டு என்ட கையைப் பிடிச்சுக்கொண்டார். எனக்குச் சிரிக்கவும் ஏலா, அழவும் ஏலா.

வெள்ளிக்கிழமைக்குள்ள புது அறிவித்தலும் ஊழியருக்கு ஒரு பக்க வழிகாட்டியும் குடுக்கவேணும். பைல் உடையிறதச் சொல்ற கரப்ட் (மெஷின் ஊழலாக்கினது இததான்), ரிப்பெயார், ரிகவர், ரிஸ்டோர், இந்த நாலுக்கும் சொல்லு வேணும். தயவுசெஞ்சு சண்டை பிடிக்காம சொல்லுங்க.

அக்கரைப்பற்றிலிருந்து, திங்கள் இரவு

தங்கச்சி, சொல்லு பிறகு, முதல்ல பைல். எல்லாரையும் வெளிய வரச்சொல்லுங்க. உடைஞ்ச பைல ஒரு கொப்பி எடுத்து வேற இடத்துல வைங்க, அதுல ஒருத்தரும் கை வைக்கப்படாது, வைத்தியமெல்லாம் மற்றக் கொப்பிக்குத்தான். பக்கத்துல அதே பேர்ல குட்டி பைல் ஒண்டு கிடக்கும், அதுதான் லொக் பைல், ஆரார் உள்ள இருக்காங்க எண்டு கணக்கு வைக்கிறது. கடைசி ஆள் வெளிய போனா அது தானா அழிஞ்சு போகவேணும். ஒருத்தரும் உள்ள இல்ல எண்டு நிச்சயமாத் தெரிஞ்ச பிறகும் கிடந்தா அது எச்சம், அப்பதான் அழிக்கலாம். மறுகா கொப்பியில அக்செஸ்லயே இருக்கிற திருத்துற வசதி ‘கொம்பெக்ட் அண்ட் ரிப்பெயார்’ ஓட்டிப் பாருங்க, சரிவராட்டி வெறும் பைல் ஒண்டு புதுசாத் திறந்து டேபிள ஒவ்வொண்டா இம்போர்ட் பண்ணுங்க. பைல் எவ்வளவு பெரிசு எண்டும் பாருங்க, அக்செஸ் 2 ஜிபிக்கு மேல தாங்காது.

சொல்லு எண்டா எனக்குப் ‘பழுது’ காணும். வகுப்புல ‘பைல் பழுதாப்போச்சு’ எண்டுதான் சொல்றன், அதுக்கு ஒரு பிள்ளையும் அகராதி தேடி ஓடினதில்ல.

காரைதீவிலிருந்து, செவ்வாய் காலை

மகள், மெஷின் எழுதினது முழுப்பிழை எண்டு நீங்க நினைக்கிறீங்க. பாதிதான் பிழை எண்டு நான் சொல்லுவன். ஊழல் எண்டா லஞ்சம் எண்டது பிறகு வந்து ஒட்டின பொருள். அடி ‘ஊழ்’. பறம்பு மலையில உழவர் உழாமலே நாலு பொருள் விளையும் எண்டு கபிலர் எண்ணிக்கொண்டு வரேக்க, ரெண்டாவதா ‘தீஞ்சுளைப் பலவின் பழம் ஊழ்க்கும்மே’ எண்டார், புறநானூறு 109. பலாப்பழம் முதிர்ந்து கனியிறதுதான் அங்க ஊழ்த்தல். வள்ளுவர்ர 650ஆம் குறள்ல ‘இணரூழ்த்தும் நாறா மலர்’ வருது, அங்க ஊழ்த்தல் மலர்தல். மலர்ந்தது முதிரும், முதிர்ந்தது கனியும், கனிஞ்சு அளவு தாண்டினது அழுகும், அதுதான் ஊழல். வருசக்கணக்கா ஒரே பைலுக்குள்ள தரவு போட்டுப் போட்டு அது முற்றிப் பழுத்து விழுந்திருக்கு, பலாப்பழம் மாதிரி. ‘ஊழ்த்த தரவுத்தளம்’ எண்டு எழுதினா என்ன குறை?

கல்முனையிலிருந்து, செவ்வாய் காலை

மாஸ்டர், அப்படி ஒட்டினா ஊழ்வினை எண்டு நினைச்சு ஆக்கள் எங்களக் கோயிலுக்குப் போகச் சொல்லுவாங்க.

டொரன்டோவிலிருந்து (ஊர் ஆரையம்பதி), செவ்வாய்

நான் முந்தியும் இஞ்ச சொன்னதுதான், திரும்பச் சொல்றன். ‘சிதைவு’ எண்டு நல்ல சொல் இருக்கேக்க எதுக்கு இந்த அலைச்சல், சிதைந்த தரவுத்தளம், சிதைவுநீக்கம், முடிஞ்சுது கதை. ‘பழுது’ எண்டது சைக்கிளுக்கும் ரேடியோவுக்கும் சொல்றது, அதுல ஒரு துறைச்சொல்லுக்குரிய நிறையில்ல. அதவிட எனக்கு விளங்காதது, மடல் முழுக்க டேட்டாபேஸ், பைல், கொப்பி எண்டு எழுதிக்கொண்டு கரப்டுக்கு மட்டும் தமிழ் தேடுறது. சாரத்தக் கட்டிக்கொண்டு கழுத்துல டை போட்ட மாதிரி இருக்கு.

அக்கரைப்பற்றிலிருந்து, செவ்வாய் பின்னேரம்

அண்ணன், சாரத்துக்கு டை கட்டின ஆள்தான் இஞ்ச மெஷினத் திருத்துறது, அத மறக்கவேணாம்.

சிதைவு சரிவராது. சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில ‘சிதைஞ்ச’ எண்டு சொன்னா ஆக்கள்ற கண்ணுக்குள்ள வாற படம் வேற, ஒண்டும் மிஞ்சல்ல எண்ட படம். டேட்டாபேஸ் அப்படியில்ல. ஆறு டேபிள்ல அஞ்சு சுகமா இருக்கும், மற்றதுல ஒரே ஒரு பதிவு உடைஞ்சிருக்கும், அந்த ஒண்டால முழு பைலும் திறக்க மாட்டன் எண்டு நிக்கும். ‘சிதைந்தது’ எண்டு வாசிச்ச ஊழியர் இனி மிஞ்சாது எண்டு நினைச்சு அழிச்சுட்டு, முதல்ல இருந்து பதியத் தொடங்கிருவார்.

கல்லடியிலிருந்து, செவ்வாய் இரவு

நான் பள்ளிக்கூடத்துல ஐசிடி (தகவல் தொழில்நுட்பம்) படிப்பிக்கிறனான், எனக்கும் இந்தச் சொல்லு வேணும். கரப்ட் பிரச்சினையில்ல, பழுதோ சிதைவோ பிள்ளைகள் பிடிச்சிருவாங்க. ரிகவர்தான் கரைச்சல். ‘மீட்டல்’ எண்டு பலகையில எழுதினா, “மிஸ், சோதினைக்கு மீட்டலா?” எண்டு கேக்குதுகள், எங்கட பள்ளிக்கூடத்துல மீட்டல் எண்டா படிச்ச பாடத்தத் திரும்பப் படிக்கிறது. ‘மீட்பு’ எண்டா நகை அடகு வச்ச வீட்டுப் பிள்ளைக்கு வேற ஞாபகம். போன தவணை ஒரு பிள்ளை விடைத்தாள்ல ‘தரவு மீட்புக்கு வட்டியும் கட்டவேண்டும்’ எண்டு எழுதியிருந்தது. பேக்கப் இல்லாம வேலை செஞ்ச ஆக்களுக்குத் தெரியும், அது பிழையான விடையுமில்ல.

காரைதீவிலிருந்து, செவ்வாய் இரவு

யாழையும் மீட்டுறதுதான் மிஸ். அந்த ‘மீட்டு’ வேற, ‘மீள்’ வேற எண்டு சிலர் சொல்லுவாங்க, நான் ஏற்கமாட்டன். விரல் நரம்ப இழுத்து விடுது, நரம்பு தன்ட இடத்துக்கு மீளுது, அந்த மீளுற அசைவுலதான் ஓசை பிறக்குது. எங்கட ஊர்ல பிறந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானமும் படிச்சு, 1930களில சென்னையில கலைச்சொல் வேலையும் பார்த்து, 1947ல யாழ் நூலையும் தந்தவர். அந்த மாதிரி ஒருவர் இருந்தா ‘மீட்டல்’ எண்ட சொல்லுக்குள்ள இந்த மூண்டையும்...

அக்கரைப்பற்றிலிருந்து, செவ்வாய் இரவு

மாஸ்டர், வெள்ளிக்கிழமை.

கல்முனையிலிருந்து, புதன் மத்தியானம்

அக்கரைப்பற்றுக் காக்கா (அண்ணன்) சொன்ன மாதிரி செஞ்சம். ரிப்பெயார் பாதியில நிண்டுட்டு, புது பைலுக்கு இம்போர்ட் பண்ணினதுல ஒரு டேபிள் தவிர மற்றதெல்லாம் வந்துட்டு. அந்த ஒண்டுல ஒரு வரியில குறிப்புப் பகுதி முழுக்க சீன எழுத்து, எங்கட ஒபீஸ்ல சீனம் தெரிஞ்ச ஆக்கள் இல்ல. இன்னொரு வரியில எல்லாக் கட்டத்துலயும் ‘டிலீட்டெட்’ எண்டு நிக்குது. அதோட நாங்க செய்யாத டேபிள் ஒண்டு பழைய கொப்பிக்குள்ள தானா முளைச்சிருக்கு, கொம்பெக்ட் எரர்ஸ் எண்டு பேர்.

காரைதீவிலிருந்து, புதன் பின்னேரம்

மகள், நீங்க எழுதினத வாசிச்சதும் கதிரையை விட்டு எழும்பிட்டன். ‘தோன்றல் திரிதல் கெடுதல் விகாரம்’. நன்னூல். இல்லாத டேபிள் முளைச்சது தோன்றல், தமிழ் இருந்த இடத்துல வேற எழுத்து வந்தது திரிதல், இருந்த வரி இல்லாமப் போனது கெடுதல். மரம் எண்ட சொல்லும் வேர் எண்ட சொல்லும் சேரேக்க மகரம் கெடுற மாதிரி, ரெண்டு பேர் ஒரே நேரத்துல ஒரே பைல்ல சேரேக்க ஒண்டு கெடுது! பவணந்தியார் பன்ரெண்டு பேர் பாவிக்கிற டேட்டாபேஸக் கண்டவரில்ல, ஆனா ரெண்டு சேர்ற இடத்துலதான் மாற்றம் வரும் எண்டு தெரிஞ்சவர். ‘தரவு விகாரம்’. ஊழ்த்தத வாபஸ் வாங்குறன்.

அக்கரைப்பற்றிலிருந்து, புதன் இரவு

வேலையில்லாத கதை எண்டு சொல்லத்தான் வந்தன், ஏலாமக் கிடக்கு. வகுப்புல இத நான் பாவிக்கப்போறன்.

தங்கச்சி, அது சீனமில்ல. நீளமான குறிப்பு அந்த வரிக்குள்ளயே இருக்கிறதில்ல, பைல்ல வேறொரு இடத்துல கிடக்கும், வரிக்குள்ள ‘அங்க போய்ப் பார்’ எண்ட முகவரி மட்டும்தான். முகவரி கெட்டுப்போனா அக்செஸ் கண்ட இடத்துக்குப் போய் அங்க கிடக்கிறத எழுத்து எண்டு நினைச்சு வாசிக்குது, ரெண்டு ரெண்டு பைட்டாச் சேர்த்து வாசிக்கிறதால அது சீன எழுத்தாத் தெரியுது. அந்த ரெண்டு வரியையும் விட்டுட்டு, அதுக்கு மேல உள்ளதயும் கீழ உள்ளதயும் இலக்கத்தப் பார்த்துப் புது டேபிளுக்கு அனுப்புங்க. குறிப்புப் பகுதியைக் கடைசியா அனுப்புங்க. விட்ட ரெண்டையும் கடதாசியைப் பார்த்துக் கையால பதியவேண்டியதுதான். முடிஞ்சதும் ஒவ்வொரு பதிவையும் தனிச்சு அடையாளம் காட்டுற பிரைமரி கீயும் டேபிள்களுக்கு இடையில உள்ள தொடர்பும் இருக்கா பாருங்க, ரிப்பெயார் சில நேரம் அதுகளச் சத்தமில்லாமக் கழட்டிவிட்டிரும்.

இனி வைபையில பதியவேணாம், வயர்ல போடுங்க. டேபிள் மட்டும் உள்ள பைல சேர்வர்ல வச்சு, போர்ம் உள்ள பைல ஆளுக்கொண்டு குடுங்க. இன்னொண்டு, 2018ல வந்த விண்டோஸ் 10 அப்டேட் ஒண்டுக்குப் பிறகு, ஷெயார் பண்ணின அக்செஸ் பைல் ஒழுங்கில்லாத நிலையில இருக்கு எண்டு கன இடத்துல பிழை காட்டினது, பைல் இருக்கிற மெஷின்ல லீசிங் எண்ட வசதியை நிப்பாட்டச் சொல்லி மைக்ரோசொப்ட் சொன்னது. உங்கட சேர்வர்ல அது எப்படி இருக்கு எண்டு ஆரையும் பார்க்கச் சொல்லுங்க.

டொரன்டோவிலிருந்து, புதன்

விகாரம் வடசொல். மாஸ்டருக்குத் தெரியாததில்ல, சந்தோசத்துல மறந்திருப்பார். பவணந்திக்கு முந்தியே தொல்காப்பியர் ‘மெய்பிறி தாதல் மிகுதல் குன்றல்’ எண்டு அதே மூண்டையும் தமிழ்லயே சொல்லிட்டார், அவர் அத விளங்கப்படுத்துறது ‘திரியுமாறு’ எண்டு. அப்ப ‘தரவுத் திரிபு’. சிதைவ விட இது நல்லது, நான் விட்டுக்குடுக்கிறன்.

கல்லடியிலிருந்து, வியாழன் காலை

விகாரம் எங்கட உயிரியல் பாடத்துல மியூட்டேசன், திரிபு கொரோனா காலத்துல வேரியண்டுக்குப் போயிட்டு. ரெண்டுக்கும் ஆள் இருக்கு. அதோட, பால் திரிஞ்சா திரிஞ்சதுதான், அதத் திரும்பப் பாலாக்கினது ஆர்? ‘திரிபு மீட்பு’ எண்டு எழுதினா தயிர் விக்கிற அக்காவே சிரிப்பா. எருமைத் தயிர்ச் சட்டியோட நிக்கிற ஊர்ல இத எழுதிக்கொண்டு நான் வகுப்புக்குப் போகமாட்டன்.

டொரன்டோவிலிருந்து, வியாழன்

பால் திரையிறது, திரியிறதில்ல. திரை வேற, திரி வேற.

கல்லடியிலிருந்து, வியாழன் காலை

எங்கட வீட்டுப் பால் திரிஞ்சுதான் போறது அண்ணன்.

கோயம்புத்தூரிலிருந்து, வியாழன்

எல்லாத்தையும் படிச்சேன், அருமையான உரையாடல். ஒரே ஒரு சந்தேகம், இலங்கை நண்பர்கள் சிலர் ‘கணனி’ன்னு எழுதுறாங்களே, ‘கணினி’தானே சரி?

கல்முனையிலிருந்து, வியாழன் பின்னேரம்

ஐயா, கும்பிட்டுக் கேக்கிறன், கணினி கணனிய வேற தலைப்புல வைங்க, இதுல இனி ஆரும் அதுக்கு மறுமொழி எழுதவேணாம்.

ஏன் அவசரம் எண்டா, நேற்றுப் பின்னேரம் ஒரு கூத்து நடந்தது. சுவர்ல ‘மீட்கும் வரை’ எண்டு இருக்கிறத வாசிச்ச ஒரு தம்பி, உதவி செய்யிறன் எண்டு போன மாசத்துப் பேக்கப் கொப்பிய எடுத்து நாங்க பாதி திருத்தி வச்சிருந்த பைலுக்கு மேலயே போட்டுட்டார். ஒரு மாசப் பதிவு போச்சு எண்டு நான் கதிரையில இருந்துட்டன். காக்கா முதல் நாள் எடுத்து வைக்கச் சொன்ன அந்தக் கொப்பி இருந்ததால தப்பினம், புதன் செஞ்ச வேலையை இரவிருந்து திரும்பச் செஞ்சம்.

அவரில பிழையில்ல. பழைய பிரதியக் கொண்டுவந்து வைக்கிறதும் மீட்கிறதுதான், உடைஞ்சதுக்குள்ள கிடக்கிறதத் தோண்டி எடுக்கிறதும் மீட்கிறதுதான், தமிழ்ல நாங்க ரெண்டுக்கும் ஒரே சொல்லப் போட்டா அவர் என்ன செய்வார்? எனக்குக் கரப்ட் என்னவாவும் இருந்துட்டுப் போகட்டும், இந்த ரெண்டும் பிரிஞ்சு நிக்கவேணும்.

அதால வழிகாட்டியில இப்படி எழுதிட்டன்: பைல் பழுதடைஞ்சா ‘பழுது’. அதே பைலச் சரிப்படுத்துறது ‘திருத்துதல்’. பழுதான பைலுக்குள்ள இருந்து தரவ வெளிய எடுக்கிறது ‘மீட்டெடுத்தல்’. பழைய பிரதிய அந்த இடத்துல கொண்டுவந்து வைக்கிறது ‘பிரதி மீள்வைப்பு’, அதுக்குப் பக்கத்துல ‘பொறுப்பானவரைக் கேட்காமல் செய்யவேண்டாம்’ எண்டு சிவப்புல. பேக்கப் ‘காப்புப்பிரதி’ எண்டே இருக்கட்டும்.

அக்கரைப்பற்றிலிருந்து, வியாழன் இரவு

மீள்வைப்பு நல்லாயிருக்கு. எனக்குச் சரி.

கல்லடியிலிருந்து, வியாழன் இரவு

எனக்கும் சரி. மீட்டெடுத்தல் எண்டா பிள்ளைகள் சோதினைய நினைக்கமாட்டாங்க.

காரைதீவிலிருந்து, வியாழன் இரவு

காப்பு நூலுக்கு முதல்ல வாறது. நம்மட ஆக்கள்தான் நூல் கிழிஞ்ச பிறகு காப்புத் தேடுறது.

பழுதுக்கு நான் தடை சொல்லல்ல, ஆனா அதுவும் ‘பழு’ எண்ட அடியிலதான் பிறந்தது எண்டு என்ட நினைப்பு, பழுத்து முற்றினதுதான் பழுது. ‘பழுதெண்ணும் மந்திரி’ எண்டு வள்ளுவர் 639ல சொன்ன பழுதையும் சேர்த்துப் பாருங்க. கடைசியில எல்லாரும் என்ட பலாமரத்துக்குக் கீழதான் வந்து நிக்கிறீங்க.

கல்முனையிலிருந்து, வெள்ளி மத்தியானம்

அறிவித்தல் மாத்தி ஒட்டியாச்சு, டேட்டாபேஸும் ஓடுது, ரெண்டு பதிவக் கையால போட்டம். அந்தப் போடியார் இண்டைக்கும் வந்தவர். புதுசை வாசிச்சுட்டு, “திங்கள் ஊழல் எண்டு இருந்தது, வெள்ளிக்குள்ள பழுது எண்டு மாத்திப்போட்டீங்க, மேலிடத்துல இருந்து சொன்னாங்களா?” எண்டு கேட்டார். நான் கலைச்சொல் எண்டு சொன்னன். அவர் நம்பல்ல.

டொரன்டோவிலிருந்து, வெள்ளி

ஒட்டினது ஒட்டினதாக இருக்கட்டும். ‘பழுது’க்கு நான் சம்மதிக்கல்ல எண்டதப் பதிஞ்சு வைங்க. மாஸ்டர், பழு–பழுது தொடர்புக்கு என்ன ஆதாரம்?