லைட்டெல்லாம் போட்டால் வண்டியின் இழுவை குறையுமா?

மலைப்பாதை:
800 சிசி பெட்ரோல் கார், பன்னிரண்டு வருடப் பழசு. போன வாரம் இரவு மழையில் ஏற்காடு ஏறினோம், ஹெட்லைட், ஃபாக் லேம்ப், புளோயர், வைப்பர் எல்லாம் ஓடிக்கொண்டிருக்க, கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாவது கியரிலேயே வண்டி முக்கியது. ஆல்டர்னேட்டர்தான் எஞ்சினைப் பிடித்து இழுக்கிறது என்கிறேன் நான். லைட் பேட்டரியில் எரிகிறது, எஞ்சினுக்கு என்ன வந்தது என்கிறான் மச்சான். யார் சொல்வது சரி?

பழைய டைனமோ:
சைக்கிள் டைனமோவை டயரில் சாய்த்ததும் மிதி கனக்குமே, அதே கதைதான் தம்பி. எஞ்சின் ஓடும்போது கரண்ட் கொடுப்பது ஆல்டர்னேட்டர், அதைச் சுற்றுவது எஞ்சின் பெல்ட். எவ்வளவு கரண்ட் கேட்கிறோமோ அவ்வளவுக்கு அது முறைக்கும்.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஹெட்லைட் இரண்டு 110 வாட், ஃபாக் லேம்ப் இன்னொரு 110, புளோயர், வைப்பர், பெட்ரோல் பம்ப் எல்லாம் சேர்த்தால் 500 வாட் பக்கம் வரும். ஆல்டர்னேட்டரில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் கரண்டாக மாறும், மீதி சூடாகப் போய்விடும், அதனால் எஞ்சினிடமிருந்து 900 வாட் வாங்கும். ஒன்றேகால் குதிரைத் திறன், அவ்வளவுதான். அதற்கே வண்டி முக்காது. ஐடிலில் நிற்கும்போது லைட் போட்டால் ஆர்பிஎம் லேசாக இறங்கி ஏறும், அங்கே நன்றாகத் தெரியும்.

கியர்பாக்ஸ்:
ஏசி போட்டிருந்தீர்களா ப்ரோ? அதைக் கேட்காமல் லைட்டைத் திட்டுகிறோம்.

மலைப்பாதை:
கண்ணாடியில் ஆவி படிந்ததால் போட்டிருந்தேன்...

கியர்பாக்ஸ்:
அதான். கம்ப்ரஸர் மட்டுமே மூன்று குதிரைத் திறன் வாங்கிவிடும். அப்புறம் ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், மேலே போகப் போகக் காற்று மெலிந்து, டர்போ இல்லாத எஞ்சின் உச்சியில் கிட்டத்தட்ட ஏழில் ஒரு பங்கு சக்தியை இழக்கும். ஏர் ஃபில்டரையும் கிளட்சையும் பாருங்கள், இந்த வயது வண்டியில் எனக்கு முதல் சந்தேகம் அதன் மேல்தான்.

பழைய டைனமோ:
ஒன்று சொல்ல மறந்தேன். ஆல்டர்னேட்டரைச் சோதிக்கிறேன் என்று யாராவது ஓடுகிற வண்டியில் பேட்டரி டெர்மினலைக் கழற்ற வந்தால் விடாதீர்கள். வோல்டேஜ் எகிறி ஈசியூ, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர், போய்விடும். மல்டிமீட்டர் வைத்து 14 வோல்ட் பக்கம் வருகிறதா என்று பார்த்தால் போதும்.

மலைப்பாதை:
13.9 காட்டுகிறது. ஏர் ஃபில்டரைக் கழற்றினேன், கறுப்புத் துணி மாதிரி இருக்கிறது. மச்சானிடம் இன்னும் சொல்லவில்லை.