போனைப் பொலிஸ் பார்த்த அனுபவம் யாருக்காவது உண்டா? (திருகோணமலை)

உப்புவெளி வாசி
விசாரணை என்று கூப்பிட்டார்கள், போனேன். விசயம் என்ன என்பதை விடுங்கள், கடைசியில் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். "போனைத் திறந்து தாங்க" என்றார் ஒருவர். வாட்ஸ்அப்பைத் தள்ளிக்கொண்டே போனவர், கனடாவிலிருந்து அம்மா அனுப்பிய குரல் பதிவை ஓடவிட்டார். "சாப்பிட்டியா ராசா, காய்ச்சல் விட்டிட்டுதா?" அறை முழுக்க அம்மாவின் குரல், பக்கத்து மேசையில் எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டுக் கேட்கிறார். ஆணை எதுவும் காட்டவில்லை. போனையும் மறுநாள்தான் தந்தார்கள், துண்டு ஒன்றும் எழுதித் தரவில்லை.

கவுண்டர் அக்கா
தம்பி, நான் முன்பு ஒரு தொலைபேசி நிறுவனத்தின் கவுண்டரில் இருந்தேன். சிவில் உடையில் ஒருவர் வந்து ஒரு நம்பரின் அழைப்பு விபரம் கேட்டார். மனேஜர் எழும்பி வந்து, "நீதவானின் ஆணை இருக்கா?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். வந்தவர் பேசாமல் போய்விட்டார். அந்தப் பாதுகாப்பு கம்பனிக்கு இருக்கிறது, உங்கள் கையில் இருக்கிற போனுக்கு இல்லையா?

மூதூர் தம்பி
ஜிமெயில் எல்லாம் அமெரிக்காவில்தானே கிடக்கு. எங்கட ஆட்களுக்குக் கிடைக்காது, பயப்படாதீங்க.

டொக்யார்ட் வீதி
மூதூர் தம்பி சொல்வது பாதிதான் சரி. அங்கே 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 180 நாளுக்கு மேல் பழைய மின்னஞ்சலைத் தேடுதல் ஆணை இல்லாமலே எடுக்கலாம் என்றிருந்தது, 2010இல்தான் அங்குள்ள ஒரு மேன்முறையீட்டு நீதிமன்றம் உள்ளடக்கத்துக்குத் தேடுதல் ஆணை வேண்டும் என்றது. இணையக் குற்ற விசாரணையில் நாடுகள் ஒன்றுக்கொன்று உதவும் புடாபெஸ்ட் உடன்படிக்கையில் இலங்கையும் 2015இலிருந்து இருக்கிறது, கேட்பதற்கு வழி உண்டு.

அக்கா சொன்ன ஆணை, கணினிக் குற்றச் சட்டம், 2007இன் 24ஆம் இலக்கம், 18ஆம் பிரிவு. அவசரம், சாட்சியம் அழிந்துவிடும் என்றால் ஆணை இல்லாமலும் எடுக்கலாம் என்று அதே பிரிவில் இருக்கிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும். 19ஆம் பிரிவில், தகவலை அழிக்காமல் 7 நாள் வைத்திருக்கச் சொல்லிப் பொலிஸ் எழுத்தில் கேட்கலாம், நீதவான் அதை 90 நாள் வரை நீட்டலாம். ஆனால் வாட்ஸ்அப் செய்தி போய்ச் சேர்ந்ததும் கம்பனியின் சேர்வரில் இருக்காது, அதனால்தான் போனையே கேட்கிறார்கள். அந்தச் சட்டத்தில் பொருளை எடுத்தால் பட்டியல் தரவேண்டும், 22ஆம் பிரிவு. எந்தச் சட்டத்தின் கீழ் எடுத்தார்கள் என்று முதலில் கேளுங்கள்.

என்னுடைய மடிகணினியையும் ஒருமுறை கொண்டுபோனார்கள். பட்டியல் கேட்டு வாங்கினேன், அவ்வளவுதான்.

உப்புவெளி வாசி
சட்டம் விளங்குது அண்ணை. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, அவ இனிக் குரல் பதிவு அனுப்பவே மாட்டா. இப்ப முறைப்பாடு செய்ய ஏலுமா?

கவுண்டர் அக்கா
உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போட ஒரு மாதம்தான் தம்பி. அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அவர்கள் விசாரிக்கும் காலம் அந்த மாதத்தில் கணக்கெடுக்கப்படாது. திருகோணமலையிலேயே அவர்களின் அலுவலகம் இருக்கு. திகதி, நேரம், யார் யார் இருந்தார்கள் என்று இன்றைக்கே எழுதி வையுங்கோ.