வெளி மைக் கேட்காமல் விட்ட 18 காலைகள்

புக்கிட் பாத்தோக்கிலிருந்து:

சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குப் பின்னால் ஒரு சமூகத் தோட்டம். வேலிக்கு அந்தப் பக்கம் மரக்கூட்டம், அதையும் தாண்டினால் இயற்கைப் பூங்கா. காலை ஆறரை மணிவாக்கில், வெளிச்சம் வருவதற்குச் சற்று முன், அங்கே ஒரு ஜோடிப் பறவை மாறி மாறிப் பாடும். பக்கத்து வீட்டு மலாய்ப் பெரியவர் அதை 'பாராவ் பாராவ்' என்பார். ஆங்கிலத்தில் ஸ்ட்ரா-ஹெடட் புல்புல். நம் ஊர்ச் சின்னான் குடும்பம்தான், ஆனால் தலை வைக்கோல் நிறம், குரலில் அப்படி ஒரு கனம். அந்தக் குரலுக்காகவே இந்த வட்டாரம் முழுக்கப் பிடித்துக் கூண்டில் அடைத்தார்கள். தாய்லாந்துக் காடுகளிலும் ஜாவாவிலும் இப்போது இல்லை. 2018இல் மிக அருகிய இனங்களின் வரிசையில் சேர்த்துவிட்டார்கள். சிங்கப்பூரில்தான் இன்னும் பரவலாகப் பாடிக்கொண்டிருக்கிறது. அதைப் பதிவு செய்து வைக்க வேண்டும் என்று எனக்கு ஏன் தோன்றியது என்பதற்கு இதற்கு மேல் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

தோட்டக்குழுவிடம் அனுமதி வாங்கி, ஆடியோமாத் என்ற, தானாகப் பதிவு செய்யும் சின்ன ரிக்கார்டர் ஒன்றை வைத்தேன். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பலகை, மூன்று ஏஏ பாட்டரி, ஒரு மைக்ரோ எஸ்டி அட்டை, அவ்வளவுதான். 1.2 பதிப்பில் 3.5 மில்லிமீட்டர் சாக்கெட் இருப்பதால் வெளி மைக் மாட்டலாம். ரிக்கார்டரை மூடி இறுக்கமான ஒரு சாப்பாட்டு டப்பாவுக்குள் வைத்து, பக்கவாட்டில் துளை போட்டு, மூன்று மீட்டர் கேபிளை வேலிக்கம்பத்தின் உச்சிவரை கொண்டுபோனேன்.

வீட்டு மேசையில் சோதித்தபோது தெளிவாக இருந்தது. தோட்டத்தில் மாட்டிய பிறகு வந்த பதிவுகள் எல்லாம் போர்வைக்குள் இருந்து கேட்பதுபோல இருந்தன. முதல் ராத்திரியே மழை பெய்திருந்ததால், ஈரம் ஏறிவிட்டது என்று முடிவுகட்டிவிட்டேன். மைக்கைக் கழற்றிச் சிலிக்கா ஜெல்லோடு இரண்டு நாள் மூடி வைத்தேன். மைக்கின் பஞ்சு உறையை மாற்றினேன். கெயினை, அதாவது மைக் ஒலியைப் பெருக்கும் அளவை, நடுவிலிருந்து உச்சத்துக்கு ஏற்றினேன். இரைச்சல் கூடியதே தவிரக் குரல் திறக்கவில்லை. கடைசியில் அதே வகையில் இன்னொரு மைக் வாங்கினேன். அதுவும் அப்படியே. புது மைக்கிலும் அதே குறை என்றால் குறை மைக்கில் இல்லை என்றுதானே அர்த்தம்? அதைக்கூட யோசிக்காமல், இரண்டு மைக்கையும் ஈரம் கெடுத்துவிட்டது என்று மேலும் ஒரு வாரம் ஓட்டினேன்.

துப்பு கொடுத்தது சிள்வண்டு. ஒருநாள் சாயங்காலப் பதிவை ஸ்பெக்ட்ரோகிராமாக, அதாவது தாழ்ந்த ஒலி கீழேயும் உயர்ந்த ஒலி மேலேயும் தெரியும் படமாக, போட்டுப் பார்த்தேன். ஏழு மணிக்குத் தோட்டத்தில் பேச்சே கேட்காது, அப்படிக் கத்தும். படத்தில் 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. சிங்கப்பூரில் சாயங்காலம் எடுத்த பதிவில் சிள்வண்டு இல்லையென்றால் மைக்குக்கும் காட்டுக்கும் நடுவே ஏதோ சுவர் இருக்கிறது.

அப்புறம் செய்ததுதான் முதல் நாளே செய்திருக்க வேண்டியது. பதிவை ஓடவிட்டு, கம்பத்து உச்சியில் இருந்த மைக்கை நகத்தால் கீறினேன். பிறகு கீழே வந்து டப்பாவைக் கீறினேன். கேட்டுப் பார்த்தால், மைக்கில் கீறியது எங்கேயோ தூரத்தில். டப்பாவில் கீறியது காதைக் கிழித்தது. அதாவது இத்தனை நாளும் பதிவு செய்தது டப்பாவுக்குள் இருக்கும் உள் மைக். பிளாஸ்டிக் சுவர் தாழ்ந்த ஒலிகளை ஓரளவு உள்ளே விடும், உயர்ந்தவற்றை நிறுத்திவிடும். பாராவ் பாராவின் குரல் பெரும்பாலும் கீழே இருப்பதால் மங்கலாகவாவது கேட்டது. அதனால்தான் வெளி மைக் வேலை செய்கிறது, ஆனால் கெட்டிருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

இதை ரிக்கார்டரே எழுதியும் வைத்திருந்தது. ஆடியோமாத் ஒவ்வொரு வேவ் ஃபைலின் தலைப்பகுதியிலும் நேரம், கெயின், பாட்டரி வோல்ட் எல்லாம் ஒரு குறிப்பாக எழுதும். வெளி மைக் மாட்டியிருந்தால் அதையும் சொல்லும். சாதாரண டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்தாலே முதல் வரிகளில் தெரிகிறது. மேசையில் எடுத்த பதிவுகளில் அந்தச் சொற்கள் இருந்தன. தோட்டத்துப் பதிவுகளில் ஒன்றில்கூட இல்லை.

காரணம் நான் போட்ட துளை. பிளக்கின் பிளாஸ்டிக் கழுத்து துளையைவிடத் தடிமன். டப்பாச் சுவரில் முட்டி நின்றுவிட்டதால், பிளக் சாக்கெட்டுக்குள் முழுசாகப் போகவில்லை. இரண்டு மில்லிமீட்டர் குறை, அவ்வளவுதான். பார்வைக்கு மாட்டியதுபோல இருந்தது, ஆனால் 'டக்' என்ற அந்தக் கடைசி அழுத்தம் இல்லை. ரிக்கார்டரைப் பொறுத்தவரை வெளி மைக்கே கிடையாது, அது நியாயமாக உள் மைக்கை எடுத்துக்கொண்டது. துளையைப் பெரிதாக்கி, பிளக் முழுசாக உட்கார்ந்த பிறகு சுற்றிலும் சிலிகான் பூசினேன். கால் மணி நேர வேலை. அந்த 18 காலைகளின் பாட்டு இனி எனக்குக் கிடைக்காது. அதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

ஈசூனிலிருந்து:

அண்ணே, நகத்தால் கீறும் சோதனையை நான் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டேன். என்னுடையது வேறு கதை. கையில் பிடிக்கும் ரிக்கார்டர், எலெக்ட்ரெட் மைக். எங்கள் புளோக்குக்குக் கீழே உள்ள பெரிய கால்வாயில் கனமழைக்குப் பிறகு ஒரு குண்டுத் தவளை கத்தும், மாடு கத்துவதுபோல. அந்தக் குரலைப் பிடிக்க ராத்திரி 11 மணிக்கு இறங்கிப் போனால் மீட்டர் அசையவே இல்லை. கேபிளை ஆட்டிப் பார்த்தேன், பிளக்கைத் துடைத்தேன், பாட்டரி மாற்றினேன், சுத்த மௌனம். மழை விட்டுத் தவளையும் அடங்கிவிட்டது.

எலெக்ட்ரெட் மைக்குக்குள் சின்னதாக ஒரு டிரான்சிஸ்டர் உண்டு. ரிக்கார்டர் சாக்கெட் வழியாகச் சில வோல்ட் அனுப்பினால்தான் அது உயிரோடு இருக்கும். மெனுவில் 'பிளக்-இன் பவர்' என்று வரும். அண்ணன் மகள் அரங்கேற்ற ஒத்திகைக்கு ரிக்கார்டரை வாங்கிப் போயிருந்தாள். அரங்கின் ஒலி மிக்சரிலிருந்து நேராக எடுக்க வேண்டியிருந்ததால் பிளக்-இன் பவரை அணைத்திருக்கிறாள். அவள் செய்தது சரிதான், திருப்பி வந்ததும் பார்க்காதது நான். இப்போது சந்தேகம் வந்தால் மல்டிமீட்டரை எடுத்து, சாக்கெட்டில் ஒரு வெற்றுப் பிளக் மாட்டி, நுனிக்கும் அடிப்பகுதிக்கும் நடுவே வோல்ட் இருக்கிறதா என்று பார்த்துவிடுகிறேன். வோல்ட் இருந்தும் மௌனம் என்றால்தான் கேபிள் பக்கம் போவேன். வெற்றுப் பிளக், கேபிள் எல்லாம் சிம் லிம் டவரில் கிடைக்கும். சிம் லிம் ஸ்குவேர் அல்ல, டவர். போன வேலை முடிந்தால் தேக்கா (லிட்டில் இந்தியா) நடக்கிற தூரம்.

இன்னொன்று. தாழ்ந்த ஒலிகளை வெட்டும் 'லோ கட்' என்ற வடிகட்டியைக் காற்றுச் சத்தத்துக்காகப் போட்டு வைத்திருப்போம். தவளைக்குப் போகும்போது அதை எடுத்துவிடுங்கள். காற்றோடு சேர்த்து அதன் குரலையும் வெட்டிவிடும்.

சுங்கை பூலோவிலிருந்து:

அங்கிள், அக்கா, நான் படிப்புக்காகச் சதுப்புநிலத்தில் ரிக்கார்டர் வைக்கிறேன், தேசியப் பூங்காக் கழக அனுமதியோடு. எனக்கு உண்மையிலேயே ஈரம்தான் எதிரி. ஆனால் மழை ஈரம் அல்ல. ஏர்கான் அறையில் ராத்திரி முழுக்கக் குளிர்ந்த மைக்கை வெளியே எடுத்தவுடன், கண்ணாடியில் படிவதுபோல அதன்மேல் நீர் படியும். படபடவென்று பொரிகிற சத்தம் வரும், கொஞ்ச நேரத்தில் தானாக நிற்கும். மைக் கெட்டுவிட்டதென்று ஒருமுறை தூக்கிப்போடவே இருந்தேன். இப்போது ஜிப் பையில் மூடி எடுத்துப்போய், வெளிச்சூட்டுக்கு வந்த பிறகுதான் பையைத் திறக்கிறேன்.

கேபிள் டப்பாவுக்குள் நுழையும் இடத்துக்கு முன் ஒரு தொங்கல் விட்டுக் கட்டுங்கள். தண்ணீர் கேபிள் வழியே வழிந்து துளைக்குள் போகாமல், தொங்கலின் அடியில் சொட்டிவிடும். பஞ்சு உறையை மாதம் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். ஒருமுறை என்னுடையதற்குள் எறும்புகள் முட்டையோடு குடியிருந்தன. அந்த மாதப் பதிவு முழுக்கச் சரசரவென்று ஒரு ஓசை, நான் இலை என்று நினைத்திருந்தேன்.

புக்கிட் பாத்தோக்கிலிருந்து:

தம்பி, தொங்கல் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. இன்றைக்கே கட்டிவிட்டேன். டப்பா சரியான பிறகு வந்த முதல் காலைப் பதிவை நேற்றுக் கேட்டேன். ஃபைல் பெயரில் 224000 என்று இருக்கிறது. ரிக்கார்டர் உலகப் பொது நேரத்தில் ஓடுவதால் 8 மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும், காலை 6.40. முதலில் ஒரு தையல்சிட்டு, பின்னால் தூரத்தில் குயில். அப்புறம் கம்பத்துக்கு மிக அருகில் ஒன்று தொடங்க, அது முடிப்பதற்குள் மற்றது வாங்கிப் பாடுகிறது. மூச்சு எடுக்கும் இடைவெளிகூடக் கேட்கிறது.