விவாகரத்துக்குப் பிறகு கூட்டு வீட்டுக்கடன்: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். என் தங்கைக்காகக் கேட்கிறேன். போன வருடம் மதுரை குடும்பநல நீதிமன்றத்தில் பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து ஆனது. ஏழு வயது மகள் இவளிடம்தான் வளர்கிறாள்.

பிரச்சினை வீடுதான். பத்திரத்திலும் கடனிலும் இருவர் பெயரும் இருக்கிறது. மீதித் தவணையை முன்னாள் கணவர் கட்டி, தன் பங்கை இவளுக்கு விடுதலைப் பத்திரம் எழுதித் தருவதாகத் தீர்ப்பிலேயே உள்ளது. நான்கு மாதமாக அவர் கட்டவில்லை. வங்கியிலிருந்து இவளைத்தான் கூப்பிடுகிறார்கள். "தீர்ப்பு உங்கள் இருவருக்குள், கடனில் நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்" என்கிறார்கள். சட்டப்படி அது சரிதான், புரிகிறது. ஆனால் 22,000 ரூபாய் சம்பளத்தில் 18,000 ரூபாய் தவணையை எப்படிக் கட்டுவாள்? கடன் தகுதியைக் காட்டும் சிபில் மதிப்பெண் வேறு சரிகிறது. ராத்திரி தூங்குவதே இல்லை, பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

தீர்ப்பில் சொன்னதை அமல்படுத்தக் கேட்டு நிறைவேற்று மனு போட்டவர்கள் இருக்கிறீர்களா? எவ்வளவு காலம் ஆனது? அவர் கையெழுத்துப் போட மறுத்தால் நீதிமன்றமே பத்திரத்தைப் பதிவு செய்து தருமா? கணவன் மனைவி என்ற உறவு முடிந்த பிறகு, குடும்பத்தினருக்கான முத்திரைத்தாள் சலுகை கிடைக்குமா?

அப்புறம் இன்னொன்று. மொத்தத் தொகை வாங்கியபோது, இனி ஜீவனாம்சம் கேட்கமாட்டேன் என்று இவள் எழுதிக் கொடுத்துவிட்டாள். குழந்தையின் உரிமையைத் தாய் எழுதிக் கொடுத்துவிட முடியாது என்கிறார்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு, அதாவது அதற்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்தின் 144-ஆம் பிரிவின் கீழ் குழந்தைக்காக மட்டும் ஜீவனாம்ச மனுப் போட்டவர்கள் இருந்தால், என்னென்ன ஆவணம் கேட்டார்கள் என்று தயவுசெய்து சொல்லுங்கள். அடுத்த வாரம் வக்கீலைப் பார்க்கப் போகிறோம்.