சோளக்கொல்லையில் வெள்ளைப் பூச்செடி: சுடுமல்லியா?

பென்னாகரம் மானாவாரி:
செம்மண் கொல்லை, 50 நாள் சோளம், ஊடே துவரை. ஈரம் இருந்தும் நடுவில் 20 சென்ட் அளவுக்குப் பயிர் வெளிறி வாடுது. தூரைச் சுற்றி ஒரு சாண் உயரச் செடி, ஒடுங்கின சொரசொரப்பான இலை, சின்ன வெள்ளைப் பூ. 2,4-டி களைக்கொல்லி அடிக்கலாமா?

செம்மண் காடு:
சுடுமல்லியேதாங்க, பயிர் வேர்ல ஒட்டி வாழுற களை. உறுதிப்படுத்தணும்னா பிடுங்காதீங்க, அறுந்துடும். சோளத்தூரோட மண்ணைப் பாளமா பெயர்த்துத் தண்ணியில மெதுவா அலசுங்க. அதோட வெள்ளைத் தண்டு சோள வேர்ல ஒட்டியிருக்கும். இலை பச்சையா இருந்தாலும் தண்ணியும் சத்தும் சோளத்துகிட்ட இருந்துதான் உறிஞ்சுது. வெளியே தலைகாட்டுறதுக்குள்ளயே சேதம் பெரும்பாலும் முடிஞ்சிருக்கும். இப்ப செய்யுறதெல்லாம் விதை விழாம தடுக்கத்தான்.

துவரை இருக்கிறதால 2,4-டி வேண்டவே வேண்டாம், துவரை கருகிடும். 20 சென்ட்தானே, கையால எடுங்க. பூத்ததைப் பிடுங்கி வரப்புல போட்டா அங்கேயே காய் முத்தி வெடிக்கும். சாக்குல கட்டி எரிங்க. குப்பைக்குழி, மாட்டுத்தீவனம் ரெண்டுக்கும் போகக்கூடாது. 10 நாளுக்கு ஒருமுறை திரும்பப் பாருங்க. அறுவடைக்கப்புறம் அறுத்த கட்டையைத் திரும்பத் துளிர்க்க விட்டா (மறுதாம்பு) அந்தக் கட்டையிலயும் முளைக்கும், உடனே உழுதுடுங்க.

அரூர் கரும்பு:
2,4-டி தனிக்கரும்புக்கு சரி: சோடியம் உப்பு ஏக்கருக்கு 700 கிராம், 260 லிட்டர் தண்ணியில. இல்லன்னா லிட்டருக்கு 200 கிராம் யூரியா கரைச்சு, பயிர்மேல படாம களைமேல மட்டும் அடிக்கலாம். பாலக்கோடு பக்கம் அடுத்த வயல்ல தக்காளி இருந்தா 2,4-டியைத் தொடாதீங்க. காத்துல வர்ற சாரலுக்கே தக்காளி இலை சுருண்டுக்கும். பருத்தி, வெண்டைக்கும் அப்படித்தான்.

செம்மண் காடு:
அடுத்த வருஷத்துக்கு ஒண்ணு. விதை தூசி மாதிரி, ஒரு செடியே ஆயிரக்கணக்குல கொட்டும், மண்ணுல 10 வருஷத்துக்கு மேலயும் உயிரோட கிடக்கும். சோளம் மாதிரி பயிரோட வேர்ல கசியுற பொருள் பட்டாத்தான் முளைக்கும். அதனால ராகி, கம்பு, மக்காச்சோளம்னு மாத்துறதுல பலனில்ல, எல்லாமே அதுக்கு இரைதான். நிலக்கடலை, காராமணி, பருத்தி போடுங்க. அந்த வேர்க்கசிவுக்கும் முளைக்கும், ஆனா ஒட்டி வாழ முடியாம செத்துடும். ஒரு போகத்துல தீராது, ரெண்டு மூணு வருஷம் விடாம செய்யணும்.

சத்துக்குறைஞ்ச மண்ணுலதான் இது அதிகம். ஏக்கருக்கு 5 டன் தொழுவுரம் போடுங்க. சோளம் திரும்ப வர்ற வருஷம் ஏக்கருக்கு 35 கிலோ யூரியாவை விட்டுடாதீங்க. உழவு ஓட்டும்போது அந்த 20 சென்ட்டைக் கடைசியா ஓட்டி, கலப்பையில ஒட்டின மண்ணை அங்கேயே தட்டிட்டு வெளியே வாங்க.